ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை

ஆஷ்லாண்ட் லட்சுமி கோயிலில் பிரசாத வரிசையில் நிற்கும்போதும் சரி, தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போதும் சரி, இப்போதெல்லாம் என்னிடம் ஒரே கேள்விதான் வருகிறது. "அக்கா, டீச்சர் லைசென்ஸ் ரினியூ பண்ண நூத்தம்பது பி.டி.பி. வேணுமாமே, எங்க போய்ச் சேக்கறது?"

கேட்பவர்களில் பலர் கோவையிலோ நெல்லையிலோ பி.எட். முடித்துவிட்டு, கணவரின் வேலையோடு மாசசூசெட்ஸ் வந்தவர்கள். 2015-ல் ஹெச்-4 விசாவில் இருப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி கிடைக்க ஆரம்பித்தது. அதன்பிறகு வகுப்பு உதவியாளராகப் பள்ளிக்குள் நுழைந்து, ஊர்ப் பட்டத்தை இங்கத்திய பட்டத்துக்குச் சமம் என்று மதிப்பிட்டு வாங்கி, எம்டெல் என்ற ஆசிரியர் உரிமத் தேர்வுகளை எழுதித் தேறி, சொந்தமாக ஒரு வகுப்பறையைப் பிடித்தவர்கள். அந்தப் பாடெல்லாம் பட்டுக் கையில் வாங்கிய லைசென்ஸுக்கு ஒரு கடைசித் தேதி இருக்கிறது என்று தெரியும்போது வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஒவ்வொருவருக்கும் நின்ற இடத்தில் அரைகுறையாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் விரிவாக எழுதிவிடுகிறேன். நான் பாஸ்டனுக்கு மேற்கே ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். புதுப்பித்த அனுபவம் இருக்கிறது. புதுப்பித்தலைப் பற்றி அழுத்தமான அபிப்பிராயங்களும் இருக்கின்றன.

முதலில் அடிப்படை. அமெரிக்கா முழுமைக்குமான ஆசிரியர் உரிமம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு மாநிலமும் தானே கொடுக்கிறது, தானே கெடு வைக்கிறது. ஃப்ரிஸ்கோவில் இருக்கும் உங்கள் தங்கை சொல்லும் கணக்கு டெக்ஸாஸுக்குப் பொருந்தும், நமக்குப் பொருந்தாது. இங்கே கொடுப்பது மாநிலக் கல்வித் துறை. பள்ளிகளில் எல்லோரும் அதை 'டெசி' என்றுதான் சொல்வோம். வேலைகள் எல்லாம் 'எலார்' என்கிற இணைய வாசலில் நடக்கும்.

இரண்டு படிகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இனிஷியல் லைசென்ஸ் ஐந்து வருஷம் என்றால், அது நீங்கள் வேலை பார்க்கும் ஐந்து வருஷம். குழந்தை பிறந்து இரண்டு வருஷம் வீட்டில் இருந்தால் அந்தக் காலம் கணக்கில் வராது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் தூக்கம் கெட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். இனிஷியலில் குறைந்தது மூன்று வருஷம் பாடம் நடத்தி, பள்ளி தரும் அறிமுகப் பயிற்சியை முடித்து, அதற்கு மேல் ஒரு மூத்த ஆசிரியரின் துணையோடு 50 மணி நேரம் கழித்து, முதுகலைப் பட்டம் போன்ற நிபந்தனைகளையும் நிறைவேற்றினால் அடுத்த படி. அது புரொஃபஷனல் லைசென்ஸ். அதற்குத்தான் நாள்காட்டிப்படி ஐந்து வருஷக் கெடு, அதைத்தான் புதுப்பிக்க வேண்டும். நூற்றைம்பது என்ற பேச்சு அங்கேதான் வருகிறது.

அந்த 150-ஐ எங்கே சேர்ப்பது என்பதற்கு முன்னால், அது ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும். ஏன் என்று தெரியாமல் சேர்த்தால் வெறும் ரசீதுகள்தான் சேரும்.

ஆசிரியர்களை உருவாக்குவது அரசின் வேலை என்று இந்த நாட்டில் முதலில் முடிவெடுத்த மாநிலம் இதுதான். ஹொரேஸ் மான் இந்த மாநிலக் கல்வி வாரியத்தின் செயலாளராக இருந்த காலத்தில், 1839 ஜூலையில், லெக்சிங்டனில் அமெரிக்காவின் முதல் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி திறந்தது. முதல் நாள் வந்தவர்கள் மூன்றே பெண்கள். நடத்தியவர் சைரஸ் பியர்ஸ். அந்தப் பள்ளி இடம் மாறி மாறி 1853-ல் ஃப்ராமிங்ஹாமுக்கு வந்தது. நம்மில் பலர் கோடையில் போய்ப் படிக்கும் ஃப்ராமிங்ஹாம் ஸ்டேட் யுனிவர்சிட்டி அதன் தொடர்ச்சிதான். அந்த வளாகத்தில் நடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று பெண்களின் நினைவு வரும். ஒரு வகுப்பறை நிறையவில்லையே என்று அரசு மூடிவிட்டுப் போகவில்லை.

ஆனால் ஒருமுறை வாங்கிய சான்றிதழ் வாழ்நாள் முழுக்கச் செல்லும் என்ற நிலைமை 1990-கள் வரை இருந்தது. 1993 ஜூனில் இரண்டு காரியங்கள் நடந்தன. பணக்கார ஊரோ ஏழை ஊரோ, எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி தருவது மாநிலத்தின் அரசியலமைப்புக் கடமை என்று மாநில உச்ச நீதிமன்றம் மெக்டஃபி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அதே மாதம் கல்விச் சீர்திருத்தச் சட்டம் கையெழுத்தானது. ஏழை ஊர்களுக்குக் கூடுதல் பணம், மாநிலம் முழுவதற்கும் ஒரே பாடத் தரம், பின்னால் எம்காஸ் என்று பெயர் பெற்ற மாணவர் தேர்வு எல்லாம் அந்தச் சட்டத்திலிருந்து வந்தவை. வாழ்நாள் சான்றிதழை எடுத்துவிட்டு, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொன்னதும் அதே சட்டம்.

நான் இதை ஓர் ஒப்பந்தமாகப் பார்க்கிறேன். பணத்தை நாங்கள் போடுகிறோம், நீங்கள் படிப்பதை நிறுத்தக் கூடாது என்று மாநிலம் ஆசிரியரிடம் சொன்னது. ஏழை ஊர்களான லாரன்ஸிலோ ப்ராக்டனிலோ இருக்கிற பிள்ளைக்கும் பணக்கார ஊரான வெஸ்டனில் இருக்கிற பிள்ளைக்கும், படிப்பை நிறுத்தாத டீச்சர் கிடைக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். அந்தப் பொருளை நான் முழுமனதோடு ஏற்கிறேன். வெறும் தொல்லை என்று பேசும் சக ஆசிரியர்களோடு நான் இதில் ஒத்துப்போவதில்லை.

இனி அந்த 150. பி.டி.பி. என்றால் தொழில் மேம்பாட்டுப் புள்ளி. ஒரு புள்ளிக்கு ஒரு மணி நேரம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாடத்தில் குறைந்தது 15. கற்பிக்கும் முறையில் 15. ஆங்கிலம் இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் மாணவர்களுக்குப் பாடம் சொல்வதில் 15, இதை எஸ்.இ.ஐ. என்போம். மாற்றுத்திறனுள்ள மாணவர்களுக்குக் கற்பிப்பதில் 15. மிச்சம் 90 உங்கள் விருப்பம். பட்டமேற்படிப்பு வகுப்பு ஒன்றில் சேர்ந்தால் ஒரு கிரெடிட்டுக்கு 22.5 புள்ளி. மூன்று கிரெடிட் வகுப்பு ஒன்றே 67.5 கொடுத்துவிடும். பல ஊர்களின் சம்பள ஒப்பந்தங்களில் முதுகலைக்கு மேல் 15 கிரெடிட், 30 கிரெடிட் என்று படிகள் உண்டு. அதனால் அதே வகுப்பு சம்பளத்தையும் ஒரு படி ஏற்றிவிட உதவும். படிப்புக்குப் படிப்பு, பணத்துக்குப் பணம். இது தெரிந்தவர்கள் முதல் வருஷத்திலேயே திட்டம் போட்டுவிடுகிறார்கள்.

முக்கியமான நிபந்தனை ஒன்று: வந்து உட்கார்ந்ததற்குப் புள்ளி இல்லை. படித்ததை வைத்து ஏதாவது செய்துகாட்ட வேண்டும். ஒரு பாடத் திட்டம், வகுப்பில் நடத்திப் பார்த்ததைப் பற்றிய குறிப்பு, மாணவர் வேலைகளை வைத்து ஓர் அலசல், இப்படி ஏதாவது. இந்த நிபந்தனையைச் சலித்துக்கொள்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் மொத்த ஏற்பாட்டிலும் உயிர் இருக்கும் இடம் இதுதான்.

எஸ்.இ.ஐ. பதினைந்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அது யாரோ ஓர் அதிகாரி காலையில் எழுந்து யோசித்த எண் இல்லை. தாய்மொழி வழியாகவும் பாடம் சொல்லிக்கொடுத்து மெல்ல ஆங்கிலத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று நாட்டிலேயே முதலில், 1971-ல், சட்டம் போட்டது இந்த மாநிலம். 2002-ல் மக்கள் வாக்கெடுப்பில் அதே மாநிலம் அதைத் தூக்கி எறிந்தது. பொதுப்பள்ளிகளில் ஏறக்குறைய எல்லாமே ஆங்கிலத்தில்தான் என்று ஆனது. சரி, அப்படியானால் ஆங்கிலம் தெரியாமல் வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஆங்கிலத்திலேயே அறிவியலும் கணக்கும் புரிய வைக்க ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தீர்களா? 2011-ல் மத்திய அரசின் நீதித் துறை மாநிலத்தைப் பார்த்துக் கேட்டது ஏறக்குறைய இதைத்தான். போதிய பயிற்சி கொடுக்கவில்லை என்று அது கண்டறிந்தது. அதன் பிறகுதான் 2012-ல் 'ரீடெல்' என்ற திட்டம் வந்தது. ஆங்கிலம் கற்கும் மாணவர் ஒருவராவது வகுப்பில் இருக்கும் முக்கியப் பாட ஆசிரியர்கள் தனி ஒப்புதல் பெற வேண்டும் என்றார்கள். பல்லாயிரம் ஆசிரியர்கள் சாயங்கால வகுப்புகளுக்கு ஓடினார்கள். 2017-ல் இருமொழி வகுப்புகளுக்கு மறுபடியும் கதவு திறந்த 'லுக்' சட்டம் வந்தது. நம் புதுப்பித்தலில் இருக்கும் அந்த 15 மணி நேரத்துக்குப் பின்னால் வகுப்பில் எதுவும் புரியாமல் உட்கார்ந்திருந்த எத்தனையோ பிள்ளைகள் இருக்கிறார்கள்.

என் வகுப்பில் பிரேசிலிலிருந்து வந்த பிள்ளைகள் அதிகம். ஃப்ராமிங்ஹாம், மார்ல்பரோ பக்கம் போயிருப்பவர்களுக்குத் தெரியும், கடைப் பலகைகளே போர்ச்சுகீஸில் இருக்கும். நான் எடுத்த எஸ்.இ.ஐ. வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பிரேசிலில் படித்து வளர்ந்த டீச்சர். கணக்குப் பாடத்தில் மொழித் தடை எங்கே வருகிறது என்று பேச்சு வந்தது. எல்லோரும் எழுத்துக் கணக்குகளைச் சொன்னார்கள். அவர் எழுந்துபோய்ப் பலகையில் ஒரு வகுத்தல் கணக்கைப் போட்டுக் காட்டினார். வகுபடும் எண் இடப்பக்கம், வகுக்கும் எண் வலப்பக்கம் ஒரு மூலைக்குள், ஈவு அதற்குக் கீழே. அமெரிக்கப் புத்தகத்தில் வகுக்கும் எண் இடப்பக்கம், ஈவு தலைக்கு மேல். நான் எழுந்துபோய் நம் ஊரில் போடுகிறபடி போட்டேன்: வகுக்கும் எண் இடப்பக்கம், ஈவு வலப்பக்கம். மூன்றும் ஒரே கணக்கு. வகுப்பு நடத்திய பேராசிரியர் மூன்றையும் அழிக்காமல் அப்படியே விட்டுவிட்டார்.

பிரேசிலில் மூன்றரையை 3,5 என்று எழுதுவார்கள். பத்து லட்சத்துக்கு 1.000.000. நாம் அதையே 10,00,000 என்று போடுவோம். இங்கே 1,000,000. பதினொரு வயதில் விமானம் ஏறி வந்த ஒரு பிள்ளைக்கு, ஆங்கிலம் ஒருபக்கம் இருக்கட்டும், தனக்கு நன்றாகத் தெரிந்த எண்களே முகம் மாறி நிற்கின்றன. அந்தப் பிள்ளை தப்பாகப் போடுகிறது என்று முடிவுகட்டுவதற்கு ஒரு நொடி போதும். அந்த முடிவு அதை எந்தக் குழுவில் உட்கார வைக்கிறோம், என்ன வேலை கொடுக்கிறோம் என்பதையெல்லாம் தீர்மானித்துவிடும்.

அந்த வகுப்புக்கு நான் செய்துகாட்ட வேண்டிய வேலையாக இதையே எடுத்துக்கொண்டேன். பள்ளி ஆரம்பித்த முதல் வாரத்தில் பிள்ளைகள் தங்கள் வீட்டில் பெரியவர்கள் எப்படி வகுத்தல் போடுகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். பிறகு வகுப்பில் ஒவ்வொரு முறையும் ஏன் சரியாக வருகிறது என்று அவர்களே விளக்க வேண்டும். பாதி வாக்கியத்தை நான் பலகையில் எழுதிவைப்பேன், மீதியை அவர்கள் முடிக்கலாம். போர்ச்சுகீஸில் முதலில் பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் சொல்லலாம். வாய் திறக்காமல் இருந்த ஒரு பையன், தன் பாட்டி போடும் முறையைப் பலகையில் போட்டுவிட்டு, இடமதிப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று விரலால் சுட்டிக்காட்டினான். இங்கேயே பிறந்த பிள்ளைகள் சிலருக்குத் தாங்கள் வருஷக்கணக்காகப் போட்டுவந்த முறை ஏன் வேலை செய்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அந்தப் பாடத்தை நான் ஒவ்வொரு வருஷமும் நடத்துகிறேன். என் பள்ளியில் மற்ற கணக்கு ஆசிரியர்களும் எடுத்துக்கொண்டார்கள். பதினைந்து புள்ளிகள் எனக்குக் கொடுத்தது இது.

மாற்றுத்திறன் பக்கத்துப் பதினைந்தும் எனக்கு அதே அளவு உழைத்திருக்கிறது. அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மனதுக்குள் கணக்கு சரியாகப் போட்டுவிட்டு, தாளில் எழுதும்போது இலக்கங்கள் வரிசை மாறி விழுந்துவிடும் பிள்ளைகள் உண்டு. கட்டம் போட்ட தாளைக் கொடுத்து, ஒரு பக்கத்தில் கணக்குகளைக் குறைத்துக் கொடுத்தால் நிலைமையே மாறிவிடும். ஐ.ஈ.பி. என்ற, அந்தப் பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்ட ஆவணத்தில் அதை ஒரு வரியாக எழுதியிருப்பார்கள். அந்த வரி ஏன் அங்கே இருக்கிறது, நினைவில் எத்தனை விஷயத்தை ஒரே சமயத்தில் பிடித்துவைக்க முடியும் என்பதெல்லாம் புரிந்த பிறகு, அதை நான் சலுகையாகப் பார்ப்பதில்லை. இப்போது கட்டத்தாள் என் வகுப்பில் யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய இடத்தில் இருக்கிறது.

இப்படிக் கட்டாயப்படுத்திப் படிக்க வைப்பதற்கு எதிர்வாதம் இருக்கிறது, வலுவாகவே இருக்கிறது. டி.என்.டி.பி. என்ற அமைப்பு 2015-ல் 'தி மிராஜ்' என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. அது ஆராய்ந்த பெரிய பள்ளி மாவட்டங்களில் ஆசிரியர் ஒருவரின் மேம்பாட்டுக்கு வருஷத்துக்குச் சராசரியாக ஏறக்குறைய 18,000 டாலர் செலவாகிறது, ஆனால் சில வருஷங்களில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் பத்துக்கு மூன்று பேர்தான் என்றது. கலிஃபோர்னியா முன்பு நம்மைப்போலவே 150 மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. 2007 முதல் அதை விட்டுவிட்டது. இன்று அங்கே ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை விண்ணப்பமும் கட்டணமும் போதும். நியூ ஜெர்சியில் நிலையான சான்றிதழுக்குக் கெடுவே இல்லை. ஆனால் வருஷம் 20 மணி நேரம் பயிற்சி பெற வேண்டும். வர்ஜீனியா கெடுவைப் பத்து வருஷமாக நீட்டியது. டெக்ஸாஸில் ஐந்து வருஷத்துக்கு 150 மணி நேரம், 1999-க்கு முன் வாழ்நாள் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு விலக்கு. பென்சில்வேனியா 180 கேட்கிறது.

இந்த எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், எத்தனை மணி நேரம் என்பதில் பெரிய ஞானம் எதுவும் இல்லை என்று தெரியும். கலிஃபோர்னியா டீச்சர்கள் படிப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் எஸ்.இ.ஐ., மாற்றுத்திறன் என்ற அந்த இரண்டு பதினைந்துகளையும் மாசசூசெட்ஸ் விட்டுவிடக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கட்டாயம் இல்லையென்றால் நான் இன்னொரு வடிவியல் வகுப்புக்குத்தான் போயிருப்பேன். எனக்கு அது பிடிக்கும். கணக்கு டீச்சர்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். பிரேசில் பையனுக்காக நானாகத் தேடிப்போக வேண்டும் என்று விட்டிருந்தால், அது ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போயிருக்கும். 150 என்பதை 100 ஆக்கினால்கூட எனக்கு வருத்தமில்லை. அந்த முப்பதையும், செய்துகாட்ட வேண்டும் என்ற நிபந்தனையையும் தொடக் கூடாது.

ஊரிலிருந்து தோழிகள் இதைக் கேட்கும்போது அவர்களுக்கு ஆச்சரியம். "பி.எட். முடிச்சா முடிச்சதுதானே, அதுக்கு எதுக்கு ரினியூவல்?" என்பார்கள். ஆனால் அங்கேயும் இந்தக் கேள்வி வேறு உருவத்தில் வந்துவிட்டது. டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வின் சான்றிதழ் ஏழு வருஷம்தான் செல்லும் என்று ஆரம்பத்தில் இருந்தது. வேலை கிடைக்காமலேயே சான்றிதழ் காலாவதியாகிறது என்று தேறியவர்கள் போராடினார்கள். 2021 ஜூனில் மத்திய அரசு அதை வாழ்நாளுக்கும் செல்லும் என்று, 2011-லிருந்து கணக்கிட்டு, மாற்றியது. பிறகு 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் இரண்டு வருஷத்துக்குள் டெட் தேற வேண்டும் என்றது. இருபது வருஷம் பாடம் நடத்திய என் பழைய சக ஆசிரியை ஒருவர் போனில் அழுதார். அவருடைய அழுகையில் நியாயம் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். நடுத்தர வயதில் திடீரென்று ஒரே ஒரு தேர்வை வைத்து வேலையைத் தொங்கவிடுவதும், வேலையின் ஊடாகவே வருஷாவருஷம் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கச் சொல்வதும் ஒன்றில்லை. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கையில் வருஷம் 50 மணி நேரத் தொடர்பயிற்சி என்று எழுதியிருக்கிறது. அந்த ஐம்பது மணி நேரம் ஒழுங்காக, ஆசிரியர் தன் வகுப்புப் பிள்ளைகளை மனதில் வைத்துத் தேர்ந்தெடுக்கும்படி நடந்தால், அது எந்தத் தேர்வையும்விடப் பிள்ளைகளுக்கு நல்லது செய்யும்.

என் குறை எல்லாம் ஒப்பந்தத்தின் இன்னொரு பாதியைப் பற்றியது. பயிற்சிக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். வசதியான ஊர்களில் பள்ளி மாவட்டமே நல்ல வகுப்புகளை இலவசமாக நடத்தும், வெளியே படித்தால் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும். நெருக்கடியில் இருக்கும் ஊர்களில் பட்ஜெட் வெட்டும்போது முதலில் போவது இதுதான். அப்போது ஆசிரியர் சொந்தப் பணத்தில், கோடை விடுமுறையில், பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டுப் போய்ப் படிக்க வேண்டும். முடியாதவர்கள் மலிவான இணைய வகுப்புகளைத் தேடுகிறார்கள். ஒரு வார இறுதியில் பல புள்ளிகள் என்று விளம்பரம் வரும், திரையைத் தட்டிக்கொண்டே போனால் சான்றிதழ் வந்துவிடும். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகள் அதிகம் இருக்கும் ஊரில்தான் பயிற்சி மெலிந்துபோகிறது. 1993-ல் நீதிமன்றம் எதைத் தவறு என்று சொன்னதோ அது இந்தப் பக்கவாசல் வழியாக மறுபடி உள்ளே வருகிறது. புதுப்பித்தலைக் கட்டாயமாக்கிய மாநிலம், குறைந்தபட்சம் அந்த முப்பது மணி நேரத்தையாவது நல்ல தரத்தில், பள்ளி நேரத்துக்குள், எல்லா ஊர்களிலும் தன் செலவில் கொடுக்க வேண்டும். ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் நான் எழுந்து பேசுவது இதைத்தான். நீங்களும் பேசுங்கள்.

இனி நடைமுறை. கேட்டவர்களுக்குச் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்.

புரொஃபஷனல் லைசென்ஸ் கைக்கு வந்த முதல் மாதத்திலேயே ஐந்து வருஷத் திட்டத்தை எழுதிவிடுங்கள். ஐ.பி.டி.பி. என்று பெயர். அதை உங்கள் பிரின்சிபாலோ மேற்பார்வையாளரோ பார்த்து ஒப்புதல் தர வேண்டும், நடுவிலும் கடைசியிலும்கூட. பலர் ஏதாவது பழைய மாதிரியைப் பார்த்து நகலெடுத்து நிரப்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் வகுப்பில் இந்த வருஷம் உங்களுக்குப் பிடிபடாமல் போன பிள்ளை யார் என்று யோசியுங்கள். அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு கேள்வி எழுதுங்கள். திட்டம் அதிலிருந்து தானாக வரும். பின்ன எண்கள் ஏன் ஏறவில்லை என்பதாக இருக்கலாம், வீட்டில் பெற்றோரோடு பேச முடியாத தவிப்பாக இருக்கலாம்.

சிறு சிறு துண்டுகளாகச் சேர்க்காதீர்கள். ஒரே விஷயத்தில் குறைந்தது பத்து மணி நேரமாவது செலவிட்டால்தான் புள்ளியாக எண்ணுவார்கள். அது நல்ல விதி. பத்துத் தலைப்புகளில் ஒவ்வொரு மணி நேரம் கேட்டால் எதுவும் ஒட்டாது.

பள்ளியிலேயே நான்கைந்து ஆசிரியர்கள் சேர்ந்து, மாணவர்களின் வேலையை மேஜைமேல் பரப்பிவைத்துக்கொண்டு மாதாமாதம் பேசும் குழு ஒன்று இருந்தால் அதில் சேருங்கள். முறைப்படி பதிவுசெய்து நடத்தினால் அதற்கும் புள்ளி உண்டு. என் அனுபவத்தில் இதைவிடச் செலவு குறைந்த, இதைவிடப் பயனுள்ள பயிற்சி இல்லை. புதிதாக வரும் ஆசிரியருக்கு வழிகாட்டியாக இருந்தாலும் புள்ளி கிடைக்கும். நம் ஊரிலிருந்து வந்து இனிஷியலில் இருக்கும் பெண்களுக்கு நீங்கள் வழிகாட்டியாக இருந்தால், எம்டெல் முதல் பெற்றோர் சந்திப்பு வரை அவர்களுக்குச் சொல்ல உங்களிடம் இருப்பது வேறு யாரிடமும் இருக்காது.

விண்ணப்பம் போடும்போது சான்றிதழ்களை அனுப்ப வேண்டியதில்லை. எல்லாம் முடித்துவிட்டேன் என்று உறுதிமொழி கொடுத்து, எலாரில் கட்டணம் கட்டினால் போதும். முதல் லைசென்ஸுக்கு 100 டாலர், கூடுதலாக இருக்கும் ஒவ்வொன்றுக்கும் 25. ஆனால் டெசி எப்போது வேண்டுமானாலும் சிலரைத் தேர்ந்தெடுத்து ஆவணங்களைக் கேட்கலாம். அதனால் சான்றிதழும் நீங்கள் செய்துகாட்டிய வேலையும் சேர்ந்து ஒரே இடத்தில் இருக்கட்டும். பள்ளி மின்னஞ்சலில் மட்டும் வைக்காதீர்கள். பள்ளி மாறினால் அந்தக் கணக்கு போய்விடும். காலாவதித் தேதி எலாரில் உங்கள் பக்கத்திலேயே இருக்கும். உங்கள் லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம், பெற்றோர் உட்பட. அது எனக்குப் பிடித்த ஏற்பாடு.

வேறு மாநிலத்துக்கு மாறப்போகிறவர்களுக்கு: இங்கே சேர்த்த புள்ளி அங்கே அப்படியே செல்லும் என்று நம்பி மூட்டை கட்டாதீர்கள். போகும் மாநிலத்தின் விதியைப் படியுங்கள். ஆனால் கிளம்புவதற்கு முன் இங்கத்திய லைசென்ஸைப் புதுப்பித்துவிட்டுப் போவது நல்லது. உயிரோடு இருக்கும் லைசென்ஸோடு போய் நின்றால் அங்கே வேலை சுலபமாகும்.

என் அடுத்த ஐந்து வருஷத் திட்டத்தில் நான் எழுதியிருக்கும் கேள்வி இது: பதின்மூன்று வயதில் வந்து சேரும், நடுவில் இரண்டு மூன்று வருஷம் பள்ளிக்கே போக முடியாமல் இருந்த பிள்ளைக்கு, அவமானப்படுத்தாமல் எண் அடிப்படையை எப்படிக் கட்டுவது? குவாட்டமாலாவிலிருந்தும் ஹெய்ட்டியிலிருந்தும் அப்படி வருகிறார்கள். ஏழாம் வகுப்பு உயரத்தில், ஏழாம் வகுப்பு வயதுக்கான மானத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்புப் பயிற்சித்தாளைக் கொடுக்க முடியாது. இதற்கென்று கணக்கை மையமாக வைத்து ஒரு வகுப்பு எங்கேயாவது நன்றாக நடக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். வொர்ஸ்டர் பக்கம் என்றாலும் பரவாயில்லை, ஓட்டிக்கொண்டு வருகிறேன். கோடையில் சேர்வதாக உத்தேசம். கூட வர விருப்பமுள்ளவர்கள் இருந்தால் ஒரே காரில் போகலாம்.